ஓடைக் கம்பெனிச் சாமான்

கம்ப்யூட்டர் சாகிற இடம் எது என்று சிவகாசியில் யாரையாவது கேட்டால் சிரிப்பார்கள். ஜெபசுந்தருக்கு அந்த இடம் தெரியும். சாத்தூர் ரோட்டில் தகர வேலிக்குள் இருக்கிற ஒச்சப்பனின் பழைய இரும்புக் கடைதான் அது. அச்சாபீஸ்களும் பட்டாசுக் கம்பெனிகளும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை இங்கேதான் தள்ளிவிடும். கடை ஆட்கள் அதைச் சுத்தியலால் உடைத்துத் தாமிரத்தை ஒரு சாக்கிலும் இரும்பை ஒரு சாக்கிலும் போடுவார்கள். மிச்சமுள்ள பிளாஸ்டிக்கை யாரும் சீந்த மாட்டார்கள்.

ஜெபசுந்தருக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பிழைப்புக்கு அது போதும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒச்சப்பன் கடைக்குப் போய், சுத்தியல் விழுவதற்கு முன்னால் எதையாவது காப்பாற்றிக் கொண்டுவராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் சைக்கிளை நிறுத்தும்போதே ஒச்சப்பன் கேலியை ஆரம்பித்துவிடுவார். "வாங்க டாக்டரே, இன்னைக்கு எந்த வார்டு?" என்பார். ஜெபசுந்தர் சிரித்துக்கொண்டே குவியலுக்குள் குனிந்துவிடுவார்.

வீட்டின் பின்னறை முழுக்க அப்படி வந்த மெஷின்கள்தான். பச்சை எழுத்துக் காட்டுகிறவை, பிளாப்பி மட்டும் தின்கிறவை, பெட்டியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும் என்கிறவை. ஒவ்வொன்றையும் திறப்பதற்கு முன்னால் ஜெபசுந்தர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவார். அவர் மனைவி இசபெல் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "மனுசனுக்கு ஆபரேசன் பண்ணுற எங்க டாக்டர்கூட இம்புட்டு நேரம் கண்ணை மூட மாட்டாக," என்பாள். பிழைத்த மெஷின்களில் சில சர்ச் தையல் வகுப்புக்கும் டியூசன் பிள்ளைகளுக்கும் போயின. மிச்சம் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு பின்னறையிலேயே நின்றன.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு மெஷினின் உறுப்பைப் பிடுங்கி இன்னொன்றுக்கு வைக்க மாட்டார். கூட வந்தது கூடவே இருக்கட்டும் என்பார். ஒரு பிளக் கிடைக்காமல் ஒரு வருஷம் சும்மா கிடந்த மெஷின்கூட அங்கே உண்டு.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் சித்திரையில் ஓடைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அவர் கைக்கு வந்தது.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஓடைக்கரையில் இருந்த பட்டாசுக் கம்பெனி அது. முந்தின வருஷம் தீபாவளி சீசனில் வெடித்துப்போனது. செத்தவர்களும் கருகிப் பிழைத்தவர்களும் சுற்றுவட்டாரத்து ஊர்களில் எல்லாம் இருந்தார்கள். அதற்கப்புறம் முதலாளி அதைத் திறக்கவே இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்த ஆபீஸ் ரூம் மட்டும் தப்பியிருந்தது. அந்தச் சாமான்களை ஏலத்தில் எடுத்தவன் லாரியில் ஏற்றி ஒச்சப்பனிடம் கொண்டுவந்தான். மேஜை நாற்காலியைக்கூட கடை ஆட்கள் உள்ளே இறக்க மறுத்துவிட்டார்கள். எல்லாம் வேலிக்கு வெளியே வெயிலில் கிடந்தன.

அதை மூடத்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வீட்டுக்கு ஒருவராவது விடிந்தால் வெடிமருந்தோடும் திரியோடும் உட்காருகிற சனம் அது. வேறு எதையாவது பிடித்துக்கொண்டுதானே அவர்களும் தைரியமாக இருக்க வேண்டும். விபத்து நடந்த கம்பெனியின் சாமானைத் தங்கள் கூரைக்குக் கீழே கொண்டுவராமல் இருப்பது அப்படி ஒரு பிடிமானம்.

ஒச்சப்பன் காசு வாங்கவில்லை. "கொண்டு போயிரும். எங்கிட்ட இருந்து வந்துச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதேயும்," என்றார்.

வீட்டு முற்றத்தில் வைத்து ஜெபசுந்தர் அதைத் திறந்தார். இடுக்குகளில் வெள்ளி மாதிரி அலுமினியப் பொடி மின்னியது. மற்ற மெஷின் என்றால் ஊதுகிற மெஷினை எடுத்து ஊதிவிடுவார். பட்டாசுக்குப் போடுகிற இந்தப் பொடி பறந்தால் ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும், ஊதக் கூடாது என்று இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். உள்ளே பழைய பேட்டரி கசிந்து போர்டு பச்சை பூத்திருந்தது. வினிகரைத் தொட்டுத் துடைத்து, இசபெல் கொண்டுவந்த ஸ்பிரிட்டால் கழுவி, அறுந்த கம்பிகளை மறுபடி பற்றவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டபோது திரையில் பச்சை எழுத்து மெதுவாக எழும்பியது. 

அந்த மெஷினில் அவருக்கு ரொம்பப் பிடித்தது கீபோர்டுதான். ஒரு செங்கல் கனம் இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சுருள் கம்பி. அமுக்கினால் கம்பி மடங்கி 'டக்'கென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் எழுத்து விழுந்தது, வராவிட்டால் விழவில்லை. வெடித்த அன்றைக்கு ஜன்னல் வழியாக வெக்கை அடித்திருக்க வேண்டும். இடது மூலை மட்டும் உருகிப் பழுப்பாகச் சுருங்கியிருந்தது. அதை அவர் ஒன்றும் செய்யவில்லை.

ஆடி மாசம். காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் இசபெல் சண்முகத்தாயைப் பற்றிச் சொன்னாள். விஸ்வநத்தத்துப் பெண். ஓடைக் கம்பெனியில் திரி வெட்டிக்கொண்டிருந்தவள். அவளும் அவள் அக்கா வெள்ளைத்தாயும் ஒரே ரூமில் வேலை பார்த்தார்கள். வெடித்ததில் அக்கா போய்விட்டாள். இவள் இரண்டு கையும் வெந்து மாதக்கணக்காக இசபெல் பார்த்த வார்டில் கிடந்தாள். தோல் வைத்துத் தைத்து விரல்களை மடக்கி நிமிர்த்த முடிந்தது, நுனியில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. பன்னிரண்டாவது படித்து, டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையும் பாஸ் பண்ணியவள். இசபெல் சொல்லித்தான் முத்துப்பாண்டியின் அச்சாபீஸில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள்.

காலண்டர் அட்டையில் கடைப் பேர் போடுகிற வேலை அது. படம் எல்லாருக்கும் ஒன்றுதான். அடியில் அந்தந்தக் கடைக்காரரின் பேர், ஊர், போன் நம்பர் வர வேண்டும். காரைக்குடி பாத்திரக் கடை, தென்காசி ஜவுளிக் கடை, கொல்லத்து நகைக் கடை என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிசகினால் ஒரு லோடு அட்டையும் குப்பைக்குத்தான்.

"அவளால முடியல," என்றாள் இசபெல். "முத்துப்பாண்டி நல்ல மனுசர், பொறுத்துப் பாக்கார். ஆனா எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாருங்களேன்."

ஜெபசுந்தர் போய்ப் பார்த்தார். ஆபீஸில் இருந்தது புதுக் கீபோர்டு. தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கும், சத்தமே வராது. சண்முகத்தாய்க்கு விரல் கட்டையைத் தொட்டதே தெரியவில்லை. ஒரு எழுத்து இரண்டாக விழுந்தது. இன்னொன்று விழாமலே போனது. அதனால் ஆர்டர்த் தாளைப் பார்க்காமல் விரலையே பார்த்தாள், விரலைப் பார்த்ததில் வரி விட்டுப்போனது. விழாத எழுத்தை விழவைக்க ஊன்றி ஊன்றிக் குத்தினாள். சற்று நேரம் கழித்து ஒரு வெள்ளைக் கட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலித்தால்தானே தெரியும். தாவணி முனையால் கட்டையை முதலில் துடைத்துவிட்டு, அப்புறம் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஜெபசுந்தர் பின்னறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அங்கே கீபோர்டுகள் நிறைய இருந்தன. பாதி தேய்ந்தவை, பாதி சத்தம் செத்தவை. டக்கென்று பேசுகிறது ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்தால் கட்டுப்பாடு போகும். அதுகூடப் பெரிதில்லை, இது ஓடைக் கம்பெனிச் சாமான். கடைசியில் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். எழுந்து வட்டப் பிளக்கைப் புது மெஷினுக்குச் சேர்க்கிற சின்ன அடாப்டர் ஒன்றைத் தேடி எடுத்தார். கீபோர்டின் மேல்பக்கம் கம்பெனிப் பேர் போட்ட லேபிள் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுப் பசையையும் துடைத்துவிட்டார்.

இசபெல் கதவோரம் நின்று பார்த்தாள். "அவகிட்ட சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள்.

"எதுக்குச் சொல்லணும்? ஆறுன புண்ணை எதுக்குக் கிளறணும்?" என்றார் ஜெபசுந்தர்.

இசபெல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சண்முகத்தாய் அந்தக் கீபோர்டில் முதல் வரி அடித்தபோது நிமிர்ந்து ஜெபசுந்தரைப் பார்த்தாள். மறுபடி குனிந்து அடித்தாள். இந்தத் தடவை கண் ஆர்டர்த் தாளிலேயே இருந்தது. விரலுக்குத் தெரியாததைக் காது சொல்லிக் கொடுத்தது. ஒரு கடைப் பேரை முழுசாகப் பார்க்காமல் அடித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள், சரியாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு வழக்கம் விட்டுப்போன முகம் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

பிறகு மூலையைத் தடவிப் பார்த்து, "இது என்னண்ணே, உருகியிருக்கு?" என்று கேட்டாள்.

"அயர்ன் பாக்ஸ் பட்டிருக்கும்," என்றார் ஜெபசுந்தர்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. அச்சாபீஸில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் பழகிவிட்டது. பக்கத்து மேஜையில் டிசைன் போடுகிற புகழேந்தி, "சண்முகம், உன் கோழி இன்னைக்கு ரொம்பக் கொத்துதே," என்பான். "கொத்தாட்டி உங்க டிசைன்ல கடைப் பேரே இருக்காதுண்ணே," என்பாள் அவள். முத்துப்பாண்டி அவள் அடித்ததை முதலில் எழுத்தெண்ணிச் சரிபார்த்தார். பிறகு மேலோட்டமாகப் பார்த்தார். அப்புறம் கேரளத்து ஆர்டர் முழுவதையும் அவளிடமே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அச்சடித்துக் கழித்த அலுமினிய பிளேட்டுகளை எடைக்கு எடுக்க ஒச்சப்பன் அச்சாபீஸுக்கு வந்தார். பிளேட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு சண்முகத்தாயின் மேஜையைக் கடந்தவர் நின்றார். அவள் யார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார், அவ்வளவு கெட்டவரில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று தானே சொன்னதும் அந்த ஆச்சரியத்தில் மறந்துபோனது.

"அட, இது ஓடைக் கம்பெனிச் சாமான்ல," என்றார். "இந்த உருகுன மூலை எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. டாக்டரு இதையா பிழைக்க வச்சாரு?"

டக் டக் சத்தம் நின்றுபோனது. அடுத்த அறையில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்த பைண்டிங் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சண்முகத்தாய் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்து போய்விட்டாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் முத்துப்பாண்டி ஜெபசுந்தரைக் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல ஜெபசுந்தரு," என்றார் அவர். "பைண்டிங்ல பொம்பளைக ஒரு மாதிரி பேசுதாக. போன வாரம் ஒருத்திக்கு மெஷின்ல விரல் நசுங்குச்சு, அதுக்கும் இதுதான் காரணங்காக. சீசன் நேரம். நாலு பேர் நின்னுட்டா ஆர்டர் அம்புட்டும் நின்னு போகும். இதைக் கொண்டு போயிருங்க." கொஞ்சம் தயங்கி, சண்முகத்தாய் இந்த வாரத்துக்குள் வராவிட்டால் அந்த மேஜைக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் ஜெபசுந்தரின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெபசுந்தர் கீபோர்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு நேரே விஸ்வநத்தத்துக்குச் சைக்கிளை விட்டார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டே போனார். வீட்டு வாசலில் அவளைப் பார்த்ததும் கோத்ததெல்லாம் அறுந்துபோனது.

சண்முகத்தாய் தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். விரல் ஒத்துழைக்காமல் ஒட்டியதில் பாதி கோணலாக இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அது அயர்ன் பாக்ஸ் இல்லன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்லண்ணே," என்றாள்.

"தெரியும்."

"லேபிளைச் சுரண்டுன தடம் இருக்கே, அதுவும் நீங்கதான்."

"ஆமா தாயி."

அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லப் பேசினாள். ஆஸ்பத்திரியில் கண்முழித்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒரே கேள்விதான்: அக்கா எங்கே? பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்றார்கள். மாமன் சொன்னார், சித்தி சொன்னாள், பெற்ற தாயும் சொன்னாள். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவார்கள். இவள் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை அக்காவுக்கு என்று எடுத்து வைப்பாள். அதை வாங்கிக்கொண்டு போவார்கள். அக்கா சாப்பிட்டாளா என்று கேட்டால், சாப்பிட்டாள், உன்னைக் கேட்டாள் என்பார்கள். இப்படியே பழம் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு நாள் சொந்தக்காரங்க யாரும் வரல. இசபெல் அக்காகிட்ட கொடுத்தேன், எங்க அக்காவுக்கு அனுப்பிருங்கன்னு. அவுக கையை நீட்டல. அப்படியே நின்னாக. ‘இதை நீயே சாப்பிடு தாயி’ன்னாக. அம்புட்டுதான். எனக்குப் புரிஞ்சுபோச்சு." சண்முகத்தாய் மூச்சை இழுத்து விட்டாள். "அன்னைக்குத்தாண்ணே அழுதேன். அக்கா எனக்குச் செத்ததே அன்னைக்குத்தான். மத்தவங்க எல்லாரும் சேர்ந்து என்னைச் செத்துப்போனவளுக்குப் பழம் கொடுக்க வச்சுட்டாக. நல்லதுக்குத்தான் செஞ்சாக. நீங்களும் நல்லதுக்குத்தான் செஞ்சீக."

இசபெல் இதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. வார்டில் நடந்ததை வீட்டுக்குக் கொண்டுவருகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கதவோரம் நின்று அவள் கேட்ட கேள்வி இப்போதுதான் ஜெபசுந்தரின் நெஞ்சில் வந்து விழுந்தது. மெஷின்களோடேயே காலம் கழித்தவர் அவர். எதைக் கழற்றலாம், எதை ஒட்டலாம் என்று மெஷினிடம் கேட்க முடியாது. நமக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டு நல்லது நடக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவள் மெஷின் இல்லை. அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவர் பையிலிருந்து கீபோர்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

"கேக்காமச் செஞ்சது என் தப்பு. இப்பக் கேக்கேன் தாயி. இது ஓடைக் கம்பெனி ஆபீஸ்ல இருந்தது. உனக்கு இது வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா வேற தேடுதேன். மதுரையோ மெட்ராஸோ, கிடைக்கிற வரைக்கும் தேடுதேன்."

சண்முகத்தாய் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சனிக்கிழமை சம்பளத்துக்கு ஆபீஸ் ஜன்னல்கிட்ட வரிசையில நிப்போம்," என்றாள் கடைசியில். "கணக்குப்பிள்ளை இதைத் தட்டிக்கிட்டு இருப்பார். இந்தச் சத்தம் வரிசை முழுக்கக் கேக்கும். அக்காவுக்கு இதுமேல அம்புட்டு ஆசை. ஒரு நாள் கேட்டேவிட்டா, சார், நான் ஒரு எழுத்துத் தட்டிப் பாக்கட்டான்னு. மருந்துக் கையோட இங்கன வராதேன்னு விரட்டிட்டார். வீடு வார வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா." அவள் கண் நிறைந்தது. வழியவில்லை. "முதல் நாளே இந்தச் சத்தம் எனக்கு என்னமோ பண்ணுச்சு. எல்லாக் கீபோர்டும் இப்படித்தான் கத்தும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். நீங்க சொல்லியிருந்தீகன்னா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

ஜெபசுந்தர் கீபோர்டை அவள் பக்கமாக நகர்த்திவைத்தார்.

"நாளைக்குச் சரஸ்வதி பூசை," என்றாள் சண்முகத்தாய். "ஆபீஸுக்கு இதைக் கொண்டாந்திருங்கண்ணே. முதலாளி ஏதும் சொன்னா நான் பேசிக்கிடுதேன். அங்க இருக்கவுகளுக்கும் தெரியாம எதுவும் இருக்கக் கூடாது."

சரஸ்வதி பூசை அன்றைக்கு அச்சாபீஸே கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஆப்செட் மெஷின்களுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கட்டிங் மெஷின் கத்திக்குக்கூட மாலை. படத்துக்கு முன்னால் ஸ்பேனர், மை கிண்டுகிற கரண்டி, கத்தரி, அளவுகோல் எல்லாம் வரிசையாக வைத்து, பொரியும் கடலையும் படியில் நிரப்பியிருந்தார்கள். ஜெபசுந்தர் வருஷா வருஷம் பொரிக்கு வருகிறவர்தான். இந்த வருஷம் துணிப்பையோடு வாசற்படியில் நின்றுவிட்டார். முத்துப்பாண்டி பையைப் பார்த்தார், முகம் சுருங்கியது. அதற்குள் சண்முகத்தாய் உள்ளே வந்து பையை வாங்கிக்கொண்டாள். கீபோர்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பைண்டிங் பெண்கள் நின்ற பக்கமாகப் போனாள்.

"இது ஓடைக் கம்பெனி ஆபீஸ் சாமான்," என்றாள். எல்லாருக்கும் கேட்டது. "எங்க அக்கா செத்த கம்பெனி. நானும் கையை வேக வச்சுக்கிட்டது அங்கனதான். எனக்கு இது இல்லாட்டி வேலை பாக்க முடியாது. உங்க யாருக்காவது இது இங்க இருக்கிறது பயமா இருந்தா எம் முகத்தைப் பார்த்துச் சொல்லிருங்க. நான் மனசுல வச்சுக்கிட மாட்டேன். கொண்டு போயிருதேன், நானும் வரல."

ஒருத்தி சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். விரல் நசுங்கியவள் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கற்பூரத் தட்டோடு நின்ற முத்துப்பாண்டி கற்பூரத்தை ஏற்ற மறந்துபோனார்.

பைண்டிங்கில் மூத்தவள் அய்யம்மாள். வாயில் வெற்றிலை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவள்தான் முன்னால் வந்து கீபோர்டைக் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"எம் மக கல்யாணத்துக்கு முன்னாடி அந்தக் கம்பெனியிலதான் லேபிள் ஒட்டுனா," என்றாள். "அந்தச் சம்பளத்துல வாங்குன பித்தளைக் குடத்துலதான் இன்னைக்குக் காலையில தண்ணி கொண்டாந்தேன். வெடிச்சுதுன்னு குடத்தைத் தூக்கி எறிஞ்சேனா?" திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "ஏன்டி, உன் காதுல கிடக்கிற கம்மல் எந்தக் கம்பெனிக் காசு? எல்லாரும் அதை இதைக் கழட்டி எறியுங்க, அப்புறம் இவளைச் சொல்லுவோம்."

"நான் ஒண்ணும் சொல்லலயே அய்யம்மாக்கா," என்றாள் கம்மல் போட்டவள்.

"சொல்லாதவதான் மொதல்ல சொன்னவ," என்றாள் அய்யம்மாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார்கள்.

சண்முகத்தாய் கீபோர்டை ஸ்பேனருக்கும் கத்தரிக்கும் நடுவில் வைத்தாள். அய்யம்மாள் கிண்ணத்தில் கரைத்திருந்த சந்தனத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு குனிந்தாள். விரலிலிருந்து சந்தனம் சொட்டுகிற மாதிரி இருந்தது. ஜெபசுந்தர் அதுவரைக்கும் வாசற்படியை விட்டு நகராதவர், இரண்டே எட்டில் அங்கே வந்துவிட்டார்.

"யக்கா, கட்டைமேல வைக்காதீக, உள்ள இறங்கிரும். ஓரமா வைங்க," என்று கெஞ்சினார்.

"கும்புடாத ஆளு, பொட்டு வைக்க மட்டும் வழி சொல்லுதாக பாரு," என்று சொல்லிக்கொண்டே அய்யம்மாள் அவர் காட்டிய ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமத்தை விரல் கட்டியவளே வந்து வைத்தாள்.

முத்துப்பாண்டி கற்பூரத்தை ஏற்றினார். எல்லாரும் கும்பிட்டார்கள். ஜெபசுந்தர் தன் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டார். சின்னச் சின்ன மனசுகளைக் கொண்டே பெரிய காரியங்களை நடத்துகிற கடவுளுக்கு நன்றி சொன்னார். தனக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்குகிற வேலை நன்றாக நடக்கும் என்பதால் அச்சாபீஸில் ஆளுக்கு ஒரு புது வேலையைத் தொட்டுவைப்பார்கள். காலையில் கடை திறக்கப் போகிற வழியில் ஜெபசுந்தர் ஜன்னலோரம் சைக்கிளை நிறுத்தினார். சண்முகத்தாய் ஒரு ஆர்டர்த் தாளை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாள். சாத்தூரில் புதிதாகத் திறக்கிற ஒரு மளிகைக் கடை. முத்துப்பாண்டி அவள் அடித்ததை வாங்கிப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேரளத்து ஆர்டர்த் தாள்களை மறுபடியும் அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு நிமிர நேரமில்லை.

சாயங்காலம் இசபெல் பின்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பழைய சேலையை விலக்கி, கீபோர்டு இல்லாமல் நின்ற ஓடைக் கம்பெனி மெஷினைத் தூசி தட்டினாள்.

"இது மொண்டியா நிக்குதே. இதுக்கு வேற கீபோர்டு போடப் போறீகளா, இல்ல பிரிச்சிரப் போறீகளா?" என்று கேட்டாள்.

ஜெபசுந்தர் சேலையை எடுத்து மறுபடியும் போர்த்தினார்.

"அவகிட்ட கேட்டுட்டுத்தான்," என்றார்.